60 மாத்திரை 30 ஆனபோது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சங்கரன்கோவிலில் சின்னதாக ஒரு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மருந்தாளுநராக 31 வருடம் ஆகிறது. மாரடைப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி உங்கள் பத்திரிகையில் வருகிற கட்டுரைகளை நறுக்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைப்பது என் வழக்கம். ஆனால், ஒரு வகை மாத்திரையைப் பற்றி நான் பார்த்த வரையில் அதிகம் வருவதில்லை. இதயத்துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கு, ரத்தம் கட்டியாக உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை அது. அதை ஒருவர் விட்டுவிட்டுப் போட்டதைக் கண்ணால் பார்த்தும் கேட்காமல் இருந்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு தறிக்காரர் இருக்கிறார். பெயர் வேண்டாம். வயது 62. வீட்டிலேயே நாலு விசைத்தறி போட்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று கடைக்கு வந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். துடிப்பு வேகமாக இருந்தது, சரி. ஆனால், அதில் ஒரு கணக்கே இல்லை. வேகமாக இரண்டு, ஒரு இடைவெளி, நெருக்கமாக மூன்று, மறுபடி இடைவெளி. "ரிப்பேரான தறி மாதிரில்லா அடிக்குது அண்ணாச்சி" என்று அவரே சொன்னார். அன்றைக்கே திருநெல்வேலிக்குப் போகச் சொன்னேன். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அது என்னவென்றால், இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை உண்டு. மேலறை சுருங்காதபோது ரத்தம் அந்தப் பைக்குள் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த கட்டி என்றைக்காவது நழுவி மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு இருப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. இப்படி இதயத்திலிருந்து போகிற கட்டி பெரிய குழாயையே அடைத்துவிடுவதால், வருகிற பக்கவாதமும் பெரும்பாலும் பெரிதாகவே வரும். வார்ஃபரின் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அந்த வாய்ப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. அதற்குப் பிறகு வந்த அபிக்ஸபான், டாபிகட்ரான், ரிவராக்ஸபான் போன்றவை அதற்குக் குறையாமல் காக்கும். மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் அவற்றில் குறைவு. எல்லாமே ஒழுங்காகப் போட்டால்தான்.

தறிக்காரருக்கு எழுதிக் கொடுத்தது முக்கியமாக இரண்டு மாத்திரை. துடிப்பின் வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால், தினம் ஒன்று. ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான் 5 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. அதாவது மாதத்துக்கு முதல் மாத்திரை 30, இரண்டாவது 60.

இப்போது என் பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் மாதம் 30-ம் 60-ம். இரண்டாம் மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் 30-ம் 30-ம். நாலாம், ஐந்தாம் மாதங்களிலும் 30-ம் 30-ம். ஆறாம் மாதம் மெட்டோப்ரோலால் 30, அபிக்ஸபான் ஒரே ஒரு அட்டை, பத்து மாத்திரை. ஏழாம் மாதம் மெட்டோப்ரோலால் மட்டும்.

மெட்டோப்ரோலாலை அவர் ஒருநாளும் விடவில்லை. விட்டால் நெஞ்சு படபடக்கும்; மறுநாளே தெரிந்துவிடும். அபிக்ஸபானைப் போட்டாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது, விட்டாலும் தெரியாது. அதோடு விலையும் அதுதான் கூடுதல். நூல் விலை ஏறி, தறி பாதி நாள் ஓடாமல் கிடந்த சமயம் அது. எந்த மாத்திரையைக் குறைப்பார் மனிதர்? படபடப்பு நின்றதும் நோயே நின்றுவிட்டது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. அப்படி இல்லை என்று அவருக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. நடுவில் ஒருதரம், "ஒரு வேளை போட்டாலே நல்லாத்தான இருக்கேன்" என்றார். கடையில் கூட்டம். சிரித்துவிட்டு 30 மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். அந்த மாத்திரையின் வேகம் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் இரண்டு வேளை, ஒரு வேளை விட்டால் பாதி நாள் காவல் குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். படித்தவன் நான். ஒரு நிமிடம் நிறுத்திச் சொல்லியிருக்கலாம்.

ஆடித்தபசு முடிந்து சில நாள். காலை ஆறரை மணி இருக்கும். தறியில் பாவு இழை அறுந்திருக்கிறது. அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுகிற கை அவருடையது. அன்றைக்கு இரண்டு விரலும் இழையைப் பிடிக்கவே இல்லையாம். இழையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மனைவி கூப்பிட்டதற்கு வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. வலது பக்கம் அப்படியே சரிந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் யாரோ வாதம் என்று சொல்லி, புறா ரத்தம் தடவ ஒருவரைக் கூட்டிவரப் போயிருக்கிறார்கள். அதிலேயே மூன்று மணி நேரம் போய்விட்டது. பிறகு 108-ஐக் கூப்பிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டு சேர்த்தபோது, கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் தாண்டியிருந்தது. மூளையின் இடது பக்கத்தில் பெரிய அடைப்பு.

ஒரு மாதம் கழித்து அவர் மகன் கடைக்கு வந்தான். வீட்டில் இருந்த மாத்திரைப் பையைக் கல்லாவில் கொட்டி, இதில் எதைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டான். அதில் அந்தக் கடைசி அபிக்ஸபான் அட்டை இருந்தது. மூன்று குழி உடைந்திருந்தது. ஏழு மாத்திரை அப்படியே இருந்தது. அதன் பிறகு எத்தனையோ ராத்திரி அந்த ஏழு மாத்திரை என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

அன்றிலிருந்து இந்த மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டுத்தான் கொடுக்கிறேன். பேசப் பேசத்தான் தெரிந்தது, மக்கள் இதை நிறுத்துவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது.

முதல் நியாயம் அந்தப் பெயரே. 'ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை' என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பூ கட்டும் ஒரு அம்மா என்னிடம், "ரத்தமே தண்ணியாப் போச்சுன்னா உடம்புல என்னய்யா சத்து இருக்கும்? அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுதேன்" என்றார். எவ்வளவு சரியான கேள்வி! ரத்தம் சுண்டிப் போச்சு, ரத்தம் இல்லை, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று கேட்டே வளர்ந்தவர்களிடம் போய் ரத்தத்தைத் தண்ணியாக்குகிறோம் என்றால் பயப்படாமல் என்ன செய்வார்கள்? உண்மையில் இந்த மாத்திரை ரத்தத்தை நீர்க்கச் செய்வதே இல்லை. ரத்தத்தின் அடர்த்தியும் சத்தும் இருந்தபடியே இருக்கும். உறைவதற்கு ஆகிற நேரத்தை மட்டும் அது கூட்டுகிறது. 'ரத்தம் கட்டியாகாமல் காக்கும் மாத்திரை' என்று சொல்ல ஆரம்பித்த பிறகு அந்த அம்மா ஒருநாள்கூட விடவில்லை. டாக்டர்களும் நர்ஸ்களும் பத்திரிகைக்காரர்களும் இந்தப் பெயரை மாற்றிச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, மலிவான மாத்திரை. ஆஸ்பிரினும் ரத்தத்துக்கான மாத்திரைதானே, அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் போடுகிற எகோஸ்பிரினை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது வேண்டும். இதய அறையில் தேங்கி உறைகிற ரத்தத்துக்கு அது போதாது. ரத்தக் கசிவு என்கிற தொல்லை மட்டும் அதிலும் உண்டு.

அப்புறம் செல்போன். வார்ஃபரின் எடுக்கும் ஒரு ஆச்சியின் பேரன், இது எலி மருந்து என்று எதிலோ படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறான். ஆச்சி அட்டையோடு கடைக்கு வந்து, "எலி பாஷாணத்தையாடா இத்தன நாளும் எனக்குக் குடுத்த?" என்று கேட்டார். நானும் மறைக்கவில்லை. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவர் தன் ஆட்களோடு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலிகளைக் கொல்ல விற்பனைக்கு வந்தது உண்மை. 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக ஒப்புதல் கிடைத்தது. அடுத்த வருடமே, மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு இதையே கொடுத்தார்கள். எலிக்கு வைப்பது ஒரு அளவு, ஆச்சிக்குக் கொடுப்பது ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து எடைபோட்ட அளவு. அதிபரே போட்டிருக்கிறார் என்றதும் ஆச்சிக்குச் சமாதானமாகிவிட்டது.

இன்னொரு பெண், வயது 48, பீடித் தொழிலாளி. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. அதனால் துடிப்பும் ஒழுங்கு தப்பியது. இவருக்கு, வார்ஃபரின் மாதிரியே வேலை செய்கிற அசிட்ரோம் மாத்திரை. வால்வு ரொம்பச் சுருங்கியவர்களும், உலோக வால்வு வைத்தவர்களும் வார்ஃபரின், அசிட்ரோம் வகையைத்தான் எடுக்க வேண்டும். புது மாத்திரைக்கு மாறக் கூடாது. நம் நாடு உட்படப் பல நாடுகளில் நடந்து 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், மூட்டுக் காய்ச்சலால் இதயம் கெட்டவர்களுக்குப் பழைய வகை மாத்திரையே நல்லது என்று தெரிந்தது. ஆனால், இதில் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி செய்ய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். உலோக வால்வு இருந்தால் சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு.

கீரையே தொடாதே என்று யாரோ அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் கீரை இல்லாமல் இருந்தார். மழை பெய்து முருங்கை தழைத்ததும் ஆசை தாங்காமல் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை. ஐ.என்.ஆர். 1.4-க்கு இறங்கிவிட்டது. கீரையில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். அந்த அளவுக்கு ஏற்றபடி டாக்டர் மாத்திரையை அமைத்துவிடுவார். இன்னொரு தடவை வயிற்றுப்போக்குக்கு வேறு கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டு, அது அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டி, பல் ஈறில் ரத்தம் வடிய வடிய ஓடி வந்தார். எந்தக் கடையில் எந்த மாத்திரை வாங்கினாலும் "நான் ரத்தம் உறையாத மாத்திரை எடுக்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். முக்கியமாக மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் கேட்டு வாங்குகிறவர்கள். இது கடைக்காரர்களுக்கும்தான். கேட்காமல் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

விரதம் இருப்பவர்களுக்கு ஒன்று. திருச்செந்தூர் முருகனுக்குக் கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சரியாகச் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் வேகம் குறையும். விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் நிறுத்திவிடாதீர்கள். டாபிகட்ரான் கேப்ஸ்யூலை அட்டையிலிருந்து பிரித்து, கிழமை வாரியாக டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. ஈரக்காற்றில் கெட்டுப்போகும். பிரித்துக் கொட்டியும் சாப்பிடக் கூடாது. பல் பிடுங்குவதற்காக நீங்களாகவே ஐந்து நாள் நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு பல் என்றால் பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்ந்தபடியே செய்துவிட முடியும். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? காலையில் போட வேண்டிய அபிக்ஸபான் பத்து மணிக்கு நினைவு வந்தால் உடனே போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிய பிறகு நினைவு வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு. தலையில் வெளிக்காயம் இல்லை என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. எங்கள் தெருவில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருவதைப் பார்க்கிறேன். நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அது பெரிய உதவி. துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கான மாத்திரையையும் அந்தப் பையில் சேர்க்க வேண்டும். விட்டுப்போகவே கூடாத மாத்திரை இது. வீடு தேடி வர வேண்டியதில் இதுதான் முதலாவதாக இருக்க வேண்டும் என்பேன். டாபிகட்ரான் 2022-ல் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டது. காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் அபிக்ஸபான், ரிவராக்ஸபான் விலையும் முன்பைவிட நன்றாக இறங்கியிருக்கிறது. இப்போது முடியாது என்றால் எப்போது முடியும்?

இரண்டாவது, ஐ.என்.ஆர். பரிசோதனை. பீடி சுற்றும் அந்தப் பெண் இதற்காகத் திருநெல்வேலி போய்வர ஒருநாள் கூலியை இழக்கிறார், பஸ் செலவு தனி. அதனால்தான் இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப்போடுகிறார். விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து நிமிடத்தில் சொல்லும் சின்னக் கருவி இருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒன்று வையுங்கள். மூன்றாவதற்குச் செலவே இல்லை. வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிற பெண்கள் அப்படியே மணிக்கட்டையும் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கட்டும். துடிப்பில் கணக்கு இல்லை என்றால் இ.சி.ஜி.க்கு அனுப்பட்டும். தனக்கு இந்தக் கோளாறு இருப்பதே தெரியாமல் பக்கவாதத்தோடுதான் முதன்முதலாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் பங்குக்கு ஒரு 80 பக்க நோட்டு போட்டிருக்கிறேன். இந்த மாத்திரை வாங்குகிற 23 பேருடைய பெயர், தினம் எத்தனை, என்றைக்குத் தீரும் என்று எழுதி வைத்திருக்கிறேன். தீருவதற்கு மூன்று நாள் முன்னால் போன் செய்வேன். வியாபாரத்துக்காகக் கூப்பிடுகிறேன் என்று முதலில் இரண்டு பேர் நினைத்தார்கள். எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்குங்கள், விடாமல் வாங்குங்கள் என்று சொன்னேன். மாத்திரைக் கவரில் கறுப்பு மார்க்கரால் 'ரத்தம் கட்டியாகாமல் இருக்க. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது' என்று தமிழில் எழுதித் தருகிறேன். மருந்துக் கடை வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்யலாம். யார் ஒழுங்காகப் போடுகிறார்கள், யார் விடுகிறார்கள் என்று டாக்டருக்குத் தெரிவதற்கு முன் நம் பில் புத்தகத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

தறிக்காரர் இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை நடக்கிறார். பேச்சில் நாலைந்து வார்த்தை திரும்பியிருக்கிறது. வலது கை திரும்பவில்லை. இரண்டு தறியை விற்றுவிட்டார்கள். இடது கைக் கட்டைவிரலால் அட்டையை அமுக்கி, காலையும் இரவும் மாத்திரையை அவரேதான் எடுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று மகன் சொன்னான். மாதம் 60 வாங்குகிறார்கள்.

இந்த மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்தால் இன்று இரவே அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். மூன்று நாளைக்கு மேல் இல்லை என்றால் நாளைக்கே கடைக்குப் போய்விடுங்கள். கையில் காசு குறைந்தால் அதைக் கடைக்காரரிடமும் டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலை குறைந்த கம்பெனி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஏதாவது வழி பார்க்கலாம். மாத்திரையின் எண்ணிக்கையை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.